மண் ரோட்டு மன்னன் ஸ்டீவ் மெக்வீன்

ஆண்டு மலர் என்றாலே நம்ம ஆட்கள் அப்துல் கலாம், விசுவேசுவரய்யா, ஜி.டி.நாயுடு என்று பேனாவைத் திறந்துவிடுவார்கள். எல்லோரும் கையெடுத்துக் கும்பிட வேண்டியவர்கள்தான். ஆனால் கலாம் ஐயாவைப் பற்றி மட்டும் இதுவரை மூன்று கட்டுரை வந்திருக்கிறது என்று மலர்க் குழு அண்ணன் சொன்னார். அதனால் நான் கொஞ்சம் தடம் மாறிப் போகிறேன். நான் எழுதப் போவது ஒரு ஹாலிவுட் நடிகரைப் பற்றி.

நடிகரா என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். நடித்துச் சம்பாதித்ததையெல்லாம் மோட்டார் சைக்கிளில் கொட்டியவர் இவர். கையில் கிரீஸ் படாமல் ஒரு வாரம் இருக்க முடியாத மனுஷன். கல்லும் மண்ணும் மணலுமாகக் கிடக்கிற பாதையில் ஓட்டுகிற வண்டிக்கு டர்ட் பைக் என்று பெயர். நம்ம ஊரில் இப்போதுதான் பையன்கள் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்த வண்டியை அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு தெரிய வைத்தவர்களில் முக்கியமானவர் ஸ்டீவ் மெக்வீன். மெக்கானிக்கல் படிக்கிற நமக்கு அவர் வாழ்க்கையில் படிக்க நிறைய இருக்கிறது. கடைசியில் ஒரு விஷயம் இருக்கிறது, அதற்காகத்தான் முக்கியமாக இதை எழுதவே உட்கார்ந்தேன்.

1930ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் தேதி, அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் பீச் குரோவ் என்ற ஊரில் பிறந்தார். அப்பா விமானத்தில் சாகசம் காட்டிப் பிழைத்தவர். மகன் பிறந்து சில மாதத்திலேயே வீட்டை விட்டுப் போனார், போனவர் போனவர்தான். அம்மாவுக்கும் பிள்ளையைப் பார்க்க நேரமில்லை. மிசௌரி மாநிலத்தில் ஸ்லேட்டர் என்ற ஊரில் சின்னத் தாத்தா கிளாட் என்பவரின் பண்ணையில்தான் வளர்ந்தார். நாலு வயதில் அந்தத் தாத்தா ஒரு சிவப்பு மூன்று சக்கர சைக்கிள் வாங்கிக் கொடுத்தாராம். தன் ரேஸ் பைத்தியத்துக்கு அதுதான் பிள்ளையார் சுழி என்று பிற்காலத்தில் மெக்வீன் நினைத்துக்கொள்வார்.

பிறகு அம்மா கூப்பிட்டுக்கொண்டார். வந்த மாற்றாந்தகப்பன் அடித்தான். பையன் தெருவில் இறங்கிவிட்டான். பதினாலு வயதில் லாஸ் ஏஞ்சல்ஸில் ரவுடிப் பையன்களோடு சேர்ந்து சின்னச் சின்னத் திருட்டு. கடைசியில் கலிபோர்னியாவில் சீனோ என்ற ஊரில் இருந்த பாய்ஸ் ரிபப்ளிக் என்ற சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பினார்கள். முதலில் அங்கிருந்தும் ஓடப் பார்த்தார். அப்புறம் அடங்கினார். காதும் சரியாகக் கேட்காது, எழுத்துக் கூட்டிப் படிப்பதிலும் சிரமம். ஆனால் அந்தப் பள்ளியை அவர் மறக்கவே இல்லை. பெரிய நடிகரான பிறகு, படக் கம்பெனிகளிடம் சம்பளம் போக ஜீன்ஸ் பேண்ட், ஷேவிங் ரேசர் எல்லாம் மொத்தமாகக் கேட்பாராம். ஒரு ஆளுக்கு எதற்கு இத்தனை என்று அவர்கள் தலையைச் சொறிவார்கள். எல்லாம் அந்தப் பள்ளிப் பையன்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவரே அடிக்கடி நேரில் போய்ப் பையன்களோடு உட்கார்ந்து பேசுவார். உயிலிலும் அந்தப் பள்ளிக்குப் பணம் எழுதி வைத்தார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டி, பாலிடெக்னிக் வாசல் மிதித்த முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, அவர் வாழ்க்கையில் இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது.

பதினாறு வயதில் வெளியே வந்து கப்பல் வேலை, எண்ணெய்க் கிணற்று வேலை, மரம் வெட்டுகிற வேலை என்று கிடைத்ததைச் செய்தார். 1947இல் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையில் சேர்ந்தார். அதை மெரைன் என்பார்கள். டாங்கி ஓட்டுகிற பிரிவு. ஒழுங்கீனத்துக்காகப் பலமுறை பதவி இறக்கினார்கள், 41 நாள் சிறையிலும் போட்டார்கள். அதே ஆள்தான் வடதுருவப் பயிற்சியின்போது பனிக்கட்டி உடைந்து டாங்கி முழுகப் போன நேரத்தில் ஐந்து பேரைக் காப்பாற்றினார். தண்டனை வேலைகளில் ஒன்று, கப்பலின் குழாய்களில் சுற்றியிருந்த கல்நார் உறையைப் பிய்த்து எடுப்பது. இந்த வரியை மறந்துவிடாதீர்கள், பின்னால் வருகிறேன்.

1950இல் விடுதலை. முன்னாள் வீரர்களுக்கு அரசாங்கம் கொடுத்த படிப்பு உதவித்தொகையில் நியூயார்க்கில் நடிப்புப் பள்ளியில் சேர்ந்தார். அந்தப் பணம் சாப்பாட்டுக்கே காணாது. வார இறுதியில் லாங் ஐலண்டு சிட்டியில் மோட்டார் சைக்கிள் பந்தயம் நடக்கும். அதில் ஓட்டி ஜெயித்து வாரத்துக்கு நூறு டாலர் போலச் சம்பாதித்தார். அதாவது நடிகர் பைக் ஓட்டவில்லை நண்பர்களே, பைக் ஓட்டித்தான் நடிகரானார்! அவருடைய முதல் வண்டி 1946ஆம் ஆண்டு மாடல் இண்டியன் சீஃப், பக்கத்தில் சைடு கார் வைத்தது. பெயரைப் பார்த்து நம்ம நாட்டு வண்டி என்று சந்தோஷப்பட வேண்டாம், அது அமெரிக்கக் கம்பெனி.

சினிமாக் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டி.வி. தொடரில் பெயர் வாங்கினார். 1960இல் மேக்னிஃபிசெண்ட் செவன், 1963இல் கிரேட் எஸ்கேப், 1968இல் புல்லிட், 1973இல் பாப்பியோன், 1974இல் டவரிங் இன்ஃபெர்னோ. ஒரு காலத்தில் உலகத்திலேயே அதிகச் சம்பளம் வாங்கிய நடிகர். கல்யாணம் மூன்று. நல்ல கணவர் என்று அவருக்கு யாரும் சான்றிதழ் கொடுத்ததில்லை. கோபக்காரர். போதைப் பழக்கமும் இருந்தது. அதையெல்லாம் மறைத்து அவரைத் தெய்வமாக்க எனக்கு விருப்பமில்லை.

கிரேட் எஸ்கேப் படத்தை நம்மில் சிலர் பார்த்திருப்போம். ஜெர்மன் சிறையிலிருந்து தப்பி, மோட்டார் சைக்கிளில் முள்வேலியைத் தாண்டுவார் பாருங்கள், அந்தக் காட்சி! கதைப்படி அது இரண்டாம் உலகப் போர்க் கால ஜெர்மன் வண்டி. உண்மையில் அது இங்கிலாந்தின் ட்ரையம்ப் டி.ஆர். 6, ஜெர்மன் பெயிண்ட் அடித்து வேஷம் போட்டது. 649 சி.சி., இரட்டை சிலிண்டர். அசல் போர்க்கால வண்டியாக இருந்தால் அந்தத் தாண்டலுக்குத் தாங்காது என்பதுதான் காரணம். அந்த ஒரு தாண்டலை மட்டும் செய்தது மெக்வீன் அல்ல, அவருடைய நண்பர் பட் எகின்ஸ். இன்ஷூரன்ஸ்காரர்கள் மெக்வீனை விடவில்லை. மற்றபடி ஓட்டியது பெரும்பாலும் மெக்வீனே. துரத்துகிற ஜெர்மன் சிப்பாய் வேஷத்திலும் சில காட்சிகளில் அவரே ஓட்டியிருக்கிறார். தன்னைத் தானே துரத்திய ஒரே கதாநாயகன்!

இந்த பட் எகின்ஸ் கலிபோர்னியாவில் ட்ரையம்ப் கடை வைத்திருந்தவர். பாலைவனப் பந்தயத்தில் பெரிய கை. மெக்வீனுக்கு அவர்தான் குரு. கடைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து வண்டி பிரிப்பது, கோர்ப்பது, மறுபடி பிரிப்பது, இதுதான் சூப்பர் ஸ்டாரின் பொழுதுபோக்கு.

ரோட்டு வண்டியைப் பாலைவன வண்டியாக எப்படி மாற்றினார்கள் என்று பார்ப்போம். நம்ம பாடத்தோடு ஒட்டி வரும். முதலில் தேவையில்லாத கனத்தைக் கழற்றுவது. விளக்கு, ஹாரன், அலங்காரத் தகடு எல்லாம் வெளியே. எஞ்சினுக்கு அடியில் கெட்டித் தகடு ஒன்று போடுவார்கள், பாறை மோதி கிராங்க் கேஸ் உடையாமல் இருக்க. சைலென்சரைக் கீழேயிருந்து தூக்கி மேலே கட்டுவார்கள். ஹேண்டில் பாரை அகலமாக்குவார்கள், மணலில் முன் சக்கரம் இழுத்தால் பிடித்து நிறுத்த அந்த அகலம்தான் நெம்புகோல். பின் சக்கரத்து ஸ்ப்ராக்கெட்டில் பல் எண்ணிக்கையைக் கூட்டுவார்கள். டாப் ஸ்பீடு குறையும், ஆனால் மேட்டில் இழுவை கூடும். கியர் ரேஷியோ கணக்கை நோட்டில் போட்டு மார்க் வாங்குகிறோமே, அதற்கு அர்த்தம் இதுதான். டயரில் காற்றைக் குறைத்தால் மணலில் பிடிப்பு வரும். ஆனால் காற்று குறைந்த டயர் ரிம்மில் நழுவிச் சுற்றி, டியூப் வால்வைப் பிய்த்துவிடும். அதற்காக ரிம்மையும் டயரையும் சேர்த்துக் கவ்வுகிற ஒரு போல்ட் போடுவார்கள். கிளட்ச் கேபிள் அறுந்தால் நடுக்காட்டில் என்ன செய்வது? பழைய கேபிள் பக்கத்திலேயே இன்னொரு புதுக் கேபிளை இழுத்து டேப் சுற்றி வைத்துவிடுவது. முனையை மாட்டினால் போதும், வண்டி கிளம்பிவிடும். என்ன எளிமையான மூளை!

எல்லாவற்றுக்கும் மேலே ஏர் ஃபில்டர். பாலைவனத் தூசி உள்ளே போனால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி ஆகிவிடும். ஒரே பந்தயத்தில் எஞ்சின் காலி. அதனால் ஓட்டி முடித்ததும் ஃபில்டரைக் கழுவி, எண்ணெய் தடவி மாட்டுவது பாலைவன ஓட்டக்காரனுக்குப் பல் தேய்ப்பது மாதிரி. எஞ்சினைத் தூசியிலிருந்து காக்க இவ்வளவு பாடுபட்டார்கள். மனுஷ நுரையீரலைப் பற்றித்தான் அந்தக் காலத்தில் யாரும் நினைக்கவில்லை.

1964ஆம் ஆண்டு செப்டம்பரில் மெக்வீன் செய்த காரியம் எனக்கு அவர் படங்களை எல்லாம்விடப் பெரிதாகத் தெரிகிறது. கிழக்கு ஜெர்மனியில் எர்ஃபர்ட் நகரில் சர்வதேச ஆறு நாள் போட்டி நடந்தது. 1913இல் இங்கிலாந்தில் தொடங்கிய போட்டி அது. காடு, மலை, சேறு, ஆறு என்று ஆறு நாளும் நூற்றுக்கணக்கான மைல் ஓட்ட வேண்டும். இதில் அழகு என்னவென்றால், கூட மெக்கானிக் கிடையாது! வண்டி கெட்டால் ஓட்டுகிறவனே, தான் சுமந்துபோகிற டூல்ஸை வைத்துச் சரிசெய்ய வேண்டும். ஃபிரேம், கிராங்க் கேஸ் போன்ற முக்கிய பாகங்களில் அடையாளப் பெயிண்ட் வைத்துவிடுவார்கள், அவற்றை மாற்ற முடியாது. ராத்திரி வண்டியைப் பூட்டி வைத்துவிடுவார்கள், தொட முடியாது. காலையில் கொடியசைத்ததும் குறித்த நேரத்துக்குள் எஞ்சின் கிளம்பியாக வேண்டும், இல்லாவிட்டால் புள்ளி போச்சு. நம்ம பிராக்டிகல் தேர்வை ஆறு நாள் மழையில் நனைந்துகொண்டே எழுதுவதாக நினைத்துப் பாருங்கள்!

இந்தப் போட்டிக்கும் நம்ம சென்னைக்கும் ஒரு தூரத்து உறவு உண்டு. 1948இல் இத்தாலியில் நடந்த இதே போட்டியில்தான் இங்கிலாந்து அணியில் ராயல் என்ஃபீல்டு புல்லட் ஓடித் தங்கப் பதக்கம் வாங்கியது. அந்தப் புல்லட்தான் 1955 முதல் திருவொற்றியூருக்கு வந்தது. ஊர்ப்பக்கம் பால் கேன் தூக்குகிற புல்லட்டைப் பார்க்கும்போது இனி இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

1964 போட்டியில் அமெரிக்கா சார்பில் அணி கட்டிப் போனார்கள். பட் எகின்ஸ், அவர் தம்பி டேவ் எகின்ஸ், கிளிஃப் கோல்மன், ஜான் ஸ்டீன், மெக்வீன். இங்கிலாந்தில் ட்ரையம்ப் தொழிற்சாலையிலேயே வண்டிகளை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். அப்போது மெக்வீன் உலகமே அறிந்த நட்சத்திரம். கால் முறிந்தால் கோடிக்கணக்கில் நஷ்டம். ஆனாலும் போனார். இரண்டு நாள் நன்றாகவே ஓட்டினார். மூன்றாம் நாள் விழுந்தார். முன் ஃபோர்க் வளைந்துவிட்டது. தன் கையால் சரிசெய்ய முடிகிற பழுது அல்ல, விலக வேண்டியதாயிற்று. அதே நாளில் குரு பட் எகின்ஸுக்கும் கணுக்கால் முறிந்தது. டேவும் கோல்மனும் கடைசி வரை ஓட்டித் தங்கப் பதக்கம் வாங்கினார்கள். தோற்ற கதையை எதற்கு இவ்வளவு விரிவாகச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். சினிமாவில் அவர் ஜெயித்ததெல்லாம் கதாசிரியர் எழுதிக் கொடுத்தது. எர்ஃபர்ட் சேற்றில் இரண்டு நாள் தாக்குப்பிடித்தது அவரே.

அதற்குப் பிறகு ரிக்மன் சகோதரர்கள் என்ற இரண்டு இங்கிலாந்துக்காரர்கள் செய்த மெட்டிஸ் ஃபிரேமில் ட்ரையம்ப் 650 எஞ்சினை ஏற்றி, இத்தாலியின் செரியானி ஃபோர்க் மாட்டி, தனக்கென்று ஒரு பாலைவன வண்டி உருவாக்கினார். அந்த ஃபிரேமின் சிறப்பு, எஞ்சின் ஆயிலே ஃபிரேம் குழாய்களுக்குள் ஓடும். தனியாக ஆயில் டாங்க் வேண்டாம், கனம் மிச்சம், போகிற வழியில் ஆயிலும் ஆறும். ஒரே குழாய்க்கு மூன்று வேலை! 1966இல் பாப்புலர் சயின்ஸ் பத்திரிகைக்காகப் பல வண்டிகளை ஓட்டிப் பார்த்து நிறைகுறை எழுதினார். எழுத்துக் கூட்டிப் படிக்கவே தடுமாறிய பையன் தொழில்நுட்பக் கட்டுரை எழுதினான் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

காலம் மாறியது. சுவீடனிலிருந்து ஹஸ்க்வர்னா என்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகள் அமெரிக்காவுக்கு வந்தன. ட்ரையம்ப் 160 கிலோவுக்கு மேல், இது ஏறக்குறைய 110 கிலோ. வால்வு இல்லை, கேம் இல்லை, நகரும் பாகம் குறைவு. தாவிக் குதிப்பதற்கு ஆட்டுக்குட்டி மாதிரி. மெக்வீனும் ஹஸ்க்வர்னா 400க்கு மாறினார். பழைய வண்டிமேல் பாசம் இருந்தும், நல்லது எது என்று தெரிந்ததும் மாறிவிட்டார். பந்தயங்களில் தன் பெயரைக் கொடுக்காமல் ஹார்வி மஷ்மன் என்ற பொய்ப் பெயரில் இறங்குவாராம், நடிகனென்று யாரும் சலுகை காட்டக் கூடாதாம்.

1970இல் எல்சினோர் ஊர்ப் பந்தயத்தில் இடது கால் உடைந்தது. கட்டுப் போட்ட அதே காலோடு அந்த மார்ச்சில் செப்ரிங்கில் 12 மணி நேரக் கார் பந்தயத்துக்குப் போனார். இடது கால் என்றால் கிளட்ச் மிதிக்கிற கால்! கூட ஓட்டிய பீட்டர் ரெவ்சன்தான் அதிக நேரம் ஓட்டினார் என்பது உண்மை. இருந்தாலும் இரண்டாம் இடம். வீரம் என்பதா, அசட்டுத் துணிச்சல் என்பதா? எனக்கு இரண்டும் பாதிப் பாதி என்று படுகிறது.

1971இல் புரூஸ் பிரௌன் எடுத்த ஆன் எனி சண்டே என்ற ஆவணப் படத்துக்கு மெக்வீனின் கம்பெனி பணம் போட்டது. அவரும் மால்கம் ஸ்மித், மெர்ட் லாவில் ஆகியோரும் ஓட்டினார்கள். கதையும் இல்லை, காதலும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை வண்டி ஓட்டப் போகிறவர்களின் சந்தோஷம் மட்டும்தான் படம். ஆஸ்கார் பரிந்துரை வரை போனது. மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவன் என்றால் ரவுடி என்று நினைத்த அமெரிக்கக் குடும்பங்கள் மனம் மாறி, பிள்ளைகளுக்கு டர்ட் பைக் வாங்கிக் கொடுத்தது இதற்குப் பிறகுதான். கடைசிக் காட்சியில் மூவரும் கடற்கரை மணலில் ஓட்டிப் போவார்கள். அந்தக் கடற்கரை மெரைன் படையின் பெண்டில்டன் முகாமைச் சேர்ந்தது. எந்தப் படையில் 41 நாள் சிறை இருந்தாரோ, அந்தப் படையின் இடம்!

இப்போது அந்தக் கல்நார் விஷயத்துக்கு வருகிறேன்.

1978 வாக்கில் மெக்வீனுக்கு இருமல் பிடித்தது. மருந்தில் நிற்கவில்லை. 1979 டிசம்பரில் நோய் என்னவென்று தெரிந்தது. மீசோதீலியோமா. நுரையீரலை மூடியிருக்கிற சவ்வில் வருகிற புற்றுநோய். இதற்கு முக்கியக் காரணம் கல்நார்த் தூசி. ஆஸ்பெஸ்டாஸ் என்று நாம் கூரையில் போடுகிறோமே, அதே சரக்குதான். நெருப்பில் வேகாது, விலையும் மலிவு என்பதால் பிரேக் லைனிங், கிளட்ச் பிளேட், கேஸ்கட், குழாய் உறை, ஏன், அந்தக் காலத்து ரேஸ் உடைகளில்கூட அதைப் போட்டார்கள். மெக்வீன் தனக்கு நோய் வந்த இடம் அந்தக் கப்பல் குழாய் வேலைதான் என்று நம்பினார். கண்ணுக்குத் தெரியாத அந்த இழை மூச்சில் போய் உட்கார்ந்துவிட்டால் வெளியே வராது. இருபது, முப்பது, நாற்பது வருஷம் சும்மா இருந்துவிட்டு அப்புறம் வேலையைக் காட்டும்.

எங்க அப்பா லாரிப் பட்டறையில் பிரேக் ஷூவுக்கு லைனிங் அடிக்கிறவர். பழைய லைனிங்கை உளி வைத்துத் தட்டி எடுத்து, டிரம்மைக் கம்ப்ரசர் காற்றில் ஊதி, புது லைனிங்குக்கு ரிவெட் அடித்து, கிரைண்டரில் தேய்ப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவம் வெள்ளையாக இருக்கும். சின்ன வயதில் அதை ஊதி விளையாடியிருக்கிறேன். மெக்வீன் கதையை நான் அப்பாவுக்கு முழுசாகச் சொன்னேன். சினிமாவையும் பைக்கையும் சிரித்துக்கொண்டே கேட்டார். நோயைச் சொன்னதும் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், கப்பல் வேலைக்கும் நோய்க்கும் நடுவில் எத்தனை வருஷம் என்று. சுமார் முப்பது என்றேன். விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். அவர் பட்டறைக்குப் போய் இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. பிறகு எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

இப்போது வருகிற லைனிங் பலவற்றில் கல்நார் இல்லை. ஐரோப்பிய நாடுகள் 2005 முதல் அதை அடியோடு தடை செய்துவிட்டன. நம்ம நாட்டில் முழுத் தடை வரவில்லை. பழைய வண்டியைப் பிரிக்கும்போது உள்ளே எது இருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. நம்மில் பாதிப் பேர் பயிற்சிக்கும் வேலைக்கும் போகப் போவது இந்த மாதிரிப் பட்டறைகளுக்குத்தான். பிரேக் டிரம்மைக் காற்று வைத்து ஊதாதீர்கள். வாயால் ஊதவே கூடாது. ஈரத்துணியால் துடையுங்கள், அந்தத் துணியைக் காயவிடாமல் பையில் கட்டிப் போடுங்கள். உலர்ந்த விளக்குமாறு வேண்டாம், தண்ணீர் தெளித்துக் கூட்டுங்கள். வேலை உடுப்பை வீட்டுத் துணியோடு சேர்த்து அலசாதீர்கள், அம்மாவுக்கும் தங்கைக்கும் அந்தத் தூசி போகும். முகத்தில் கர்ச்சீப் கட்டுவது இந்த இழைக்குக் காணாது, அதற்கென்று உள்ள முகமூடி வேண்டும். அப்பாவின் பட்டறையில் இப்போது ஒரு வாளித் தண்ணீரும் துணியும் இருக்கிறது. ஊதுவதை அப்பா விட்டுவிட்டார். மற்றவர்கள் இன்னும் விடவில்லை.

மெக்வீனிடம் பணத்துக்குப் பஞ்சமில்லை, ஆனால் அந்த நோய்க்கு மருந்து இல்லை. அமெரிக்க டாக்டர்கள் கையை விரித்ததும் மெக்சிகோவுக்குப் போனார். அங்கே மாற்று வைத்தியம் என்ற பெயரில் என்னென்னவோ கொடுத்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் சியுடாட் ஹுவாரெஸ் என்ற ஊரில் கட்டியை அகற்ற அறுவை சிகிச்சை செய்தார்கள். அதற்குப் பின் 1980 நவம்பர் 7ஆம் தேதி உயிர் பிரிந்தது. வயது ஐம்பதுதான்.

அதற்கு முந்தைய வருஷம்தான் சாண்டா பௌலா என்ற ஊரில் விமானக் கொட்டகை ஒன்றை வாங்கி, வண்டிகளோடும் பழைய சாமான்களோடும் அதற்குள்ளேயே குடியிருந்தார். மஞ்சள் நிறத்தில் பழைய இரட்டை இறக்கை ஸ்டியர்மன் விமானம் வாங்கி ஓட்டக் கற்றுக்கொண்டார். முகம் தெரியாத அப்பா செய்த தொழில் அது. இறந்தபோது அவரிடம் நூற்றுக்கு மேல் மோட்டார் சைக்கிள்கள் இருந்தன, பழைய இண்டியன்கள் உட்பட. 1984இல் லாஸ் வேகாஸில் அவற்றை ஏலம் விட்டார்கள். ஒவ்வொன்றாக உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தன. அவருடைய சாம்பலைப் பசிபிக் கடலில் தூவினார்கள்.